ஒரே ரத்தம், வேறு வேறு எல்லை
கிறிஸ்தவ அடிப்படைவாதம் – கல்வி – பாலியல்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சுநடையை முழுசாக மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



"நீங்க நாத்திகர், மதம் பத்திப் பேசுங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எந்த மதம் என்று சொல்லவில்லை. இந்து மதத்தைப் பேச இந்த மேடையில் ஆள் பஞ்சம் கிடையாது. நான் வளர்ந்த வீட்டில் சாமி படம் இல்லை. புதுவருஷ வாக்குத்தத்த வசனம் அச்சடித்த காலண்டர்தான் சுவரில் தொங்கும். அதனால கிறிஸ்தவத்தைப் பற்றி நான் பேசித்தான் ஆகணும்.

பேச வருகிறபோது ஒரு தயக்கமும் கூடவே வந்தது. இப்படிப் பேசினால் யாருக்கு லாபம்? 1999 ஜனவரியில் ஒடிசா மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய ரெண்டு பிள்ளைகளையும் வண்டிக்குள் வைத்து எரித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய கூட்டாளிகள் என் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். என் பாட்டி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது மிஷன் பள்ளிக்கூடத்தில். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படியில்கூட எங்களை உட்கார விடாத காலம் அது. அந்தக் கடன் எனக்கு இருக்கு. ஆனால் கடன்பட்டவன் கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் வேலை பார்க்கிற வங்கியில்கூட விதி இல்லை.

நான் பேசப்போவது கிறிஸ்தவம் முழுசையும் பற்றி அல்ல. அடிப்படைவாதம் என்கிறோமே, அதற்கு ஒரு ஊரும் தேதியும் உண்டு. 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் 12 தொகுதிகளாக 'அடிப்படைகள்' என்ற தலைப்பில் கட்டுரைகளை அச்சடித்தார்கள். பணம் கொடுத்தவர் லைமன் ஸ்டூவர்ட், கலிபோர்னியாவின் எண்ணெய் முதலாளி. போதகர்களுக்கும் உலகம் பூராவும் இருந்த மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். 1920இல் அந்தப் பேர் இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது, இவர்களே பெருமையாக வைத்துக்கொண்ட பேர். வேதத்தில் எழுத்துக்கு எழுத்து தவறு கிடையாது என்பது அதன் முதல் பிடி. அந்தப் பிடி கடைசியில் யார் கழுத்தைப் பிடித்தது என்பதுதான் என் கேள்வி.

கல்வியில் இருந்து தொடங்கலாம். 1925இல் டென்னசி மாநிலம் பட்லர் சட்டம் என்று ஒன்று போட்டது. மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் சொல்லிக்கொடுப்பது குற்றம். அதே வருஷம் ஜூலையில் டேட்டன் என்ற சின்ன ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயசு ஆசிரியரைக் கூண்டில் ஏற்றினார்கள். 100 டாலர் அபராதம். ஒரு நடைமுறைக் குறையைக் காட்டி 1927இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரைக்கும் புத்தகத்தில் இருந்தது.

நாத்திகர்கள் இந்தக் கதையை அறிவுக்கும் மூடத்தனத்துக்கும் நடந்த சண்டையாகச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். நானும் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்கோப்ஸ் பாடம் நடத்திய புத்தகம் எதுவென்று பின்னாலதான் தெரிந்தது. ஹண்டர் என்பவர் 1914இல் எழுதிய உயிரியல் பாடநூல். மனித இனங்கள் அஞ்சு, அதில் உச்சியில் இருப்பது ஐரோப்பா, அமெரிக்காவின் நாகரிக வெள்ளையர் என்று அதில் அச்சில் இருக்கிறது. 'குறைபாடுள்ள' குடும்பங்கள் சமூகத்தை உறிஞ்சுகிற ஒட்டுண்ணிகள், அவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்கணும் என்ற இனமேன்மைவாதமும் இருக்கிறது. ஆக, அந்த நீதிமன்றத்தில் ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரர்கள் மோதிக்கொண்டிருந்தபோது கறுப்புப் பிள்ளைக்கு ரெண்டு புத்தகத்திலுமே கடைசி பெஞ்சுதான். இதை ஒத்துக்கொள்ளாத நாத்திகம் நமக்கு உதவாது. விஞ்ஞானம் அந்தப் பக்கத்தைப் பின்னால கிழித்துப் போட்டது என்பதையும் சேர்த்தே சொல்லணும். கிழிக்கிற உரிமை அங்கே உண்டு. தவறே வராது என்று அறிவித்துவிட்ட புத்தகத்தில் கிழிக்க இடம் இல்லை, வியாக்கியானம் பண்ணத்தான் இடம்.

பரிணாம வழக்கு 1968, 1987, 2005 என்று அமெரிக்க நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் பேர் மட்டும் மாறும். படைப்பு என்றார்கள், படைப்பு விஞ்ஞானம் என்றார்கள், அப்புறம் அறிவார்ந்த வடிவமைப்பு என்றார்கள். எங்க ஞாயிறு பள்ளி டீச்சர் இதைவிட நேர்மையானவர். "பரிட்சையில எழுது, மனசுல வைக்காதே" என்று சொல்லிவிட்டார்.

இதைவிட முக்கியமானது வேற ஒன்று. 1954இல் பிரவுன் வழக்கில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் படிக்கவைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நடைமுறைப்படுத்த வந்தபோது தென்மாநில வெள்ளையர் என்ன செய்தார்கள்? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள். பல பள்ளிகளுக்குத் தேவாலயக் கூரையும் கிறிஸ்தவப் பேரும் கிடைத்தது. மிசிசிப்பியில் ஹோம்ஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. சேர்ந்து படிக்கணும் என்று வந்த முதல் வருஷத்திலேயே அரசுப் பள்ளிகளில் வெள்ளை மாணவர் எண்ணிக்கை 771லிருந்து 28 ஆனது. அடுத்த வருஷம் ஒருத்தர்கூட இல்லை. இந்த எண்களை நான் ரெண்டு தடவை படிக்கத் தேவைப்படவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று நம்ம ஊர்ப் பெற்றோர்கள் செய்ததைப் பார்த்தவன்தானே நான்.

அந்த ஹோம்ஸ் கவுண்டியின் கறுப்புப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிற பள்ளிக்கு வரிவிலக்கு எப்படித் தரலாம் என்று கேட்டார்கள். 1971இல் ஜெயித்தார்கள். அங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம். பாப் ஜோன்ஸ் என்ற சுவிசேஷகர் 1927இல் ஃபுளோரிடாவில் தொடங்கி, கடைசியில் தென் கரோலினா கிரீன்வில்லுக்குக் கொண்டுபோன அடிப்படைவாதக் கல்வி நிலையம். 1960 ஈஸ்டர் ஞாயிறன்று அவர் வானொலியில் ஒரு பிரசங்கம் செய்தார். நிறப் பிரிவினை வேதத்துக்கு ஒத்ததா என்பது கேள்வி, ஒத்ததுதான் என்பது பதில். அவர் பிடித்துக்கொண்ட வசனம் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் 26. வீட்டில் பைபிள் இருக்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள். அந்த வசனத்தின் முதல் பாதி, எல்லா ஜனத்தையும் கடவுள் ஒரே ரத்தத்தில் உண்டாக்கினார் என்று போகும். ரெண்டாம் பாதி, அவர்கள் குடியிருக்கிற எல்லைகளைக் குறித்தார் என்று போகும். அடிமை முறையை எதிர்த்தவர்கள் முதல் பாதியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜோன்ஸ் ரெண்டாம் பாதியைத் தூக்கிப் பிடித்தார். வசனம் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து உண்மை என்று சொல்கிறவர் எந்த எழுத்தில் விரலை வைக்கிறார் என்பதை அவருடைய தோல் தீர்மானிக்கிறது.

1971 வரைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பு மாணவர்கள் கிடையாது. 1971இல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். யாருக்கு? கல்யாணமான கறுப்பருக்கு, அதுவும் தன் இனத்திலேயே கல்யாணம் பண்ணினவருக்கு. கல்யாணமாகாத கறுப்பருக்கு 1975இல்தான் இடம். கூடவே எழுத்தில் ஒரு விதி: இனம் மாறிப் பழகினால், காதலித்தால், கல்யாணம் பண்ணினால் வெளியேற்றம். இனம் மாறிக் கல்யாணம் பண்ணலாம் என்று ஆதரித்துப் பேசுகிற அமைப்பில் சேர்ந்தாலும் வெளியேற்றம்.

கவனியுங்க தோழர்களே. பள்ளிக்கதவு பூட்டியிருந்தது எதுக்காக, திறந்தபோது என்ன நிபந்தனையில் திறந்தது? பக்கத்து பெஞ்சில் உட்காருவது பிரச்சினை இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை. கல்வி பற்றின அவர்களுடைய பயமும் பாலியல் பற்றின பயமும் ரெண்டு பயம் அல்ல.

1976 ஜனவரியில் வருமான வரித்துறை அந்தப் பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கைப் பறித்தது, 1970 டிசம்பரிலிருந்து கணக்கிட்டு. வழக்குப் போடுவதற்காக அவர்கள் ஒரே ஒரு ஊழியருக்கான வேலையின்மை வரி 21 டாலரைக் கட்டிவிட்டு, அந்த 21ஐத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் போனார்கள். அரசு பதிலுக்கு 4,89,675 டாலர் 59 சென்ட்டும் வட்டியும் கட்டு என்றது. கவுண்டரில் உட்கார்ந்து சலான் வாங்குகிறவனுக்கு இந்த 59 சென்ட் மேல ஒரு தனி மரியாதை. கடவுள் கட்டளை என்று சொன்னதுக்கெல்லாம் யாரோ ஒரு குமாஸ்தா பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியிருக்கான்.

அந்த வழக்கோடு சேர்த்து விசாரித்தது வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ கிறிஸ்தவப் பள்ளிகள் வழக்கு. அவர்களுடைய இறையியல் இன்னும் நேரடி. நோவாவுக்கு மூணு மகன்கள், சேம், காம், யாப்பேத். யூதர் சேம் வழி, வெள்ளையர் யாப்பேத் வழி, கறுப்பரும் கீழைத்தேசத்தாரும் காம் வழி. கலப்பது தேவ கட்டளையை மீறுவது. இது நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வாய், தோள், தொடை, கால் என்று கேட்டு வளர்ந்த ஊரில் பிறந்த நமக்கு இதுக்குப் பொழிப்புரை தேவையா?

1982 ஜனவரியில் ரீகன் அரசாங்கம் பல்டி அடித்தது, வரிவிலக்கு கொடுக்கலாம் என்று. அரசே வழக்கை விட்டு நழுவியதால், வரித்துறையின் பழைய நிலைப்பாட்டுக்காக வாதாட நீதிமன்றம் வெளியிலிருந்து ஒருவரை நியமித்தது. வில்லியம் கோல்மன், கறுப்பு வழக்கறிஞர், பிரவுன் வழக்கில் உழைத்தவர். 1983 மே 24இல் 8க்கு 1 என்று தீர்ப்பு. உங்களுடைய மத நம்பிக்கை நேர்மையானதுதான், அதைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் கல்வியில் இனப் பாகுபாட்டை ஒழிப்பது அதைவிடப் பெரியது என்று நீதிமன்றம் சொன்னது. வரிவிலக்கு போனது. விதி போகவில்லை. 2000 மார்ச் வரைக்கும் இருந்தது. ஜார்ஜ் புஷ் தேர்தலுக்காக அங்கே போய்ப் பேசி, ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகுதான், நிறுவனரின் பேரன் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விதியை எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்.

அமெரிக்காவில் மதவாத வலதுசாரி கருக்கலைப்பை எதிர்த்துத்தான் திரண்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1971இல் தென்மாநில பாப்டிஸ்ட் மாநாடு, சில நிலைமைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானமே போட்டிருக்கிறது. அவர்களைத் தெருவுக்கு இழுத்தது பள்ளிகளின் வரிவிலக்கு. அந்த அரசியலைக் கட்டியவர்களில் ஒருவரான பால் வேய்ரிக் பின்னால் இதை வெளிப்படையாகவே சொன்னார். 1979இல் 'தார்மீகப் பெரும்பான்மை' தொடங்கிய ஜெர்ரி ஃபால்வெல், 1967இலேயே ஒரு பள்ளி தொடங்கியவர். உள்ளூர்ச் செய்தித்தாள் அதை வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி என்றே எழுதியது. சிசுவைக் காப்பாத்தும் கோஷம் பின்னால வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் எனக்கு நியூயார்க் ஞாபகம் வருகிறது. 1916 மே 9, கொலம்பியா பல்கலைக்கழகம், 25 வயசு அம்பேத்கர் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறார். சாதியின் உயிர் அகமணம், அதைக் காக்கத்தான் உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் என்கிறார். பெண்ணுடைய உடம்பைப் பூட்டாமல் சாதியைப் பூட்ட முடியாது என்று நான் என் பாஷையில் சொல்லிக்கொள்வேன். அந்த நாட்டிலேயே அவர் சொன்னதுக்குச் சாட்சி கிடைத்துக்கொண்டே இருந்தது. 1958இல் வர்ஜீனியாவில் மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் தம்பதியைக் கல்யாணம் பண்ணின குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். நீதிபதி பிற்பாடு எழுதினது என்ன தெரியுமா? கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்து வேறு வேறு கண்டங்களில் வைத்தார், அதனால் கலக்கக் கூடாது. (இந்த அஞ்சில் நம்ம எதில் வருவோம் என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.) 1967இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உடைத்தது.

இப்போ பாலியல் கல்விக்கு வருவோம். 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சமூகநலச் சட்டத்துக்குள்ளே ஒரு பிரிவு. திருமணம் வரைக்கும் விலகியிரு என்று மட்டும் போதிக்கிற வகுப்புகளுக்கு வருஷம் 5 கோடி டாலர். திருமணத்துக்கு வெளியே உறவு வைத்தால் மனசுக்கும் உடம்புக்கும் கேடு வரும் என்று போதிக்கணும், அது நிபந்தனை. அதே சட்டம்தான் ஏழைத் தாய்மார்களுக்கு 60 வருஷமாக இருந்த உதவித்தொகை உரிமையை முடித்துவைத்தது. ஒரு கையில் பணத்தைப் பிடுங்கி இன்னொரு கையில் ஒழுக்கத்தைக் கொடுத்தார்கள். 2004இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் வெளியிட்ட அறிக்கை, அதிகம் பயன்பட்ட 13 பாடத்திட்டங்களில் 11இல் பொய்யான, திரித்த தகவல்கள் இருப்பதைக் காட்டியது. எச்.ஐ.வி. வேர்வையாலும் கண்ணீராலும் பரவலாம் என்று ஒரு பாடம். கண்ணீரால் பரவுமாம், யோசித்துப் பாருங்க. 2007இல் அரசே செய்வித்த ஆய்வு வந்தது. அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளும் உட்காராத பிள்ளைகளும் முதல் உறவு கொண்ட சராசரி வயசு ஒன்றே, 14.9. கற்பு உறுதிமொழி எடுத்த பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: சிலர் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டது உண்மை, ஆனால் உறுதி உடைகிற அன்னைக்கு ஆணுறை பயன்படுத்துவது அவர்களிடம் குறைவு. தயாராக வைத்திருந்தால் பாவத்துக்குத் திட்டமிட்ட மாதிரி ஆயிடுமே.

கர்ப்பத்தடை பெண்ணுடைய சுதந்திரத்துக்கு வேணும் என்று பெரியார் 1930களிலேயே எழுதிய பூமியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் என்னைச் சுட்டது புள்ளிவிவரம் இல்லை. அந்த வகுப்புகளில் காட்டுகிற உவமைகள். ஒட்டுநாடாவை ஒவ்வொருத்தர் கையிலும் ஒட்டி ஒட்டி எடுப்பார்கள், பசை போயிடும், இதுதான் பலபேரோடு பழகின பெண் என்பார்கள். மென்ற பபிள்கம்மைக் காட்டி யாருக்கு வேணும் என்று கேட்பார்கள். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் 14 வயசில் கடத்தப்பட்டு ஒன்பது மாதம் சிறைவைக்கப்பட்ட எலிசபெத் ஸ்மார்ட், 2013இல் ஒரு மேடையில் இதைச் சொன்னார். அவர் மார்மன் சபை, நான் பேசுகிற கூட்டம் இல்லை, ஆனால் பாடம் அதே பாடம். பலாத்காரத்துக்குப் பிறகு, டீச்சர் சொன்ன அந்த மென்ற பபிள்கம் நான்தான் என்று அவருக்குத் தோன்றியதாம். மதிப்பு போன பிறகு ஒரு பெண் ஏன் தப்பித்து ஓடவில்லை என்பது தனக்குப் புரிகிறது என்றார்.

மென்று துப்பினது. தமிழில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கு, எச்சில். தீட்டுக்கு அக்கா தங்கச்சி. யார் தொட்டால் எது எச்சிலாகும் என்று ஆயிரம் வருஷமாக நமக்குப் பாடம் எடுத்தவர்கள் பைபிளைத் திறந்தது கிடையாது.

என் அக்காவைப் பற்றிச் சொல்லணும். ஊர் பேர், விடுதிப் பேர் சொல்லாதே என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தாள். 1990களின் நடுவில், பதினோராம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு பையன் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கான். அவள் பதில் எழுதவில்லை, கிழிக்கவும் இல்லை. டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். வார்டன் சோதனை போட்டபோது கிடைத்தது. சனிக்கிழமை மாலை ஜெபத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யச் சொன்னார்கள். "என்ன பாவம்னு சொல்லுங்க, சொல்றேன்" என்று கேட்டாளாம். திங்கட்கிழமை அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு கூட்டிப்போனார். நடத்தை என்ற கட்டத்தில் திருப்தி இல்லை என்று எழுதியிருந்தது. நான் அப்போ மூணாம் வகுப்பு. பஸ்ஸிலிருந்து அப்பா டிரங்குப் பெட்டியை இறக்கினது மட்டும் ஞாபகம் இருக்கு. அதோடு அவள் படிப்பு நின்றது.

பையனும் கிறிஸ்தவன்தான். வேற சாதிக் கிறிஸ்தவன். அவனுடைய அப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர். பையன் அங்கேயே படித்து முடித்தான்.

எங்க வீட்டில் இதை ஒழுக்கப் பிரச்சினையாகவே ரொம்ப வருஷம் பேசினோம், நானும்தான். பாப் ஜோன்ஸ் வழக்கைப் படித்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது, அந்த விடுதியில் பாவம் என்று பேர் வைத்தது எதற்கு என்று. அங்கே விதியை அச்சடித்துக் கொடுத்தார்கள். இங்கே அச்சடிக்கத் தேவைப்படவில்லை.

அந்தப் பல்கலைக்கழகக் கதையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. 2014இல், அவர்களே நியமித்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை அங்கே எப்படி நடத்தினார்கள் என்று விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஆலோசனை கேட்டுப் போனவர்களிடம் உன் பக்கம் என்ன பாவம் இருந்தது என்று தேடச் சொல்லியிருக்கிறார்கள். போலீசுக்குப் போகாதே, கிறிஸ்துவின் பேருக்குக் கெடுதல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன்னால், 2008 நவம்பரில், நிறக் கொள்கைக்காகவும் ஒரு மன்னிப்பு. முன்னாள் மாணவர்கள் கையெழுத்து வாங்கி நெருக்கின பிறகு வந்தது. அதில் காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்கள் விதிகளை வேதத்தைவிட அன்றைய அமெரிக்கக் கலாச்சாரம்தான் வடிவமைத்துவிட்டது என்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் நின்று தேவ கட்டளை என்று சொன்ன அதே விதி. 2017இல் வரிவிலக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "யார் பாவம்னு சொன்னாங்களாம்?" என்று கேட்டாள். கலாச்சாரத்தோட பாதிப்புன்னு சொன்னாங்க என்றேன். சிரித்தாள். "நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமப் போயிட்டாங்களே தம்பி. நானும் கலாச்சாரம்னு சொல்லியிருப்பேன்ல."

அவளுக்கு இப்போ 40 தாண்டிவிட்டது. போன வருஷம் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிவு பண்ணியிருக்கிறாள். உயிரியலும் எடுத்திருக்கிறாள். பரிணாமப் பாடத்தில் ஒரு படம் புரியவில்லை, வந்து சொல்லிக்கொடு என்றாள். எப்போ வரட்டும் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வா. ஆராதனை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர 11 மணி ஆயிடும், அதுக்கப்புறம் வா."